புனித பெட்காவின் இடது கண்

"அந்த வரிய எடுங்க மதர். எடுத்தாத்தான் கையெழுத்து."

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று மடத்துச் சமையலறையில் வேலை செய்யும் அம்மா காலையிலேயே என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டேன்.

மடத்துத் தலைவி எவ்ப்ராக்சியா கண்ணாடியைக் கழற்றினார். "எந்த வரி?"

"'புனிதர்களின் கண்களைத் துருக்கியர் தோண்டினர்.' சிற்றாலயச் சுவரோவியங்களப் பத்தின என் அறிக்கைல, நான் எழுதாம நீங்க சேத்த வரி."

"துருக்கியர் நம்மள ஆண்ட காலத்துல நடந்ததுன்னு ஊரே காலங்காலமா சொல்றது, நெடெல்கா. நீ பட்டம் வாங்கிட்டு வந்து மாத்துவியாக்கும்?"

"சுவரே சொல்லுது. கைக்கு எட்டுற வரிசைல மட்டுந்தான் கண்ணு இல்ல. மேல இருக்கிறவங்க எல்லாரும் முழிச்சு முழிச்சுப் பாக்கறாங்க. துருக்கிக்காரன்கிட்ட ஏணி இல்லையா? அது வாள் பட்ட தடமும் இல்ல. கரண்டிக் காம்பால சுரண்டினது. நம்ம பொம்பளைங்க."

அந்த வரியைக் கல்லில் வெட்டிச் சிற்றாலய வாசலில் வைக்கப்போகிறார்கள். போன திருவிழாவில் பிரசங்கத்தில் இதே கதையைக் கேட்டுவிட்டுப் போனவர்கள்தான் கீழூர் மசூதியின் ஜன்னல்களை உடைத்தார்கள்.

அம்மா பீன்ஸ் சூப்போடு உள்ளே வந்தாள்.

"ராய்னா, உம் பொண்ணுக்கு நீயே சொல்லு. யாரு தோண்டினது?"

"துருக்கிக்காரங்கதான், மதர்." கிண்ணத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"ஏம்மா, ஆறு வயசுல எனக்குக் கண்ணு சீழ் புடிச்சப்போ வெள்ளையா ஒரு தூளத் தண்ணில கலக்கிக் குடிக்க வெச்சியே. அது எந்தத் துருக்கிக்காரன் குடுத்தது?"

மதர் சிலுவை போட்டுக்கொண்டார். அம்மா கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப உனக்குக் கண்ணு தெரியுதுல்ல? அப்புறம் என்னடி?"

குணமானது டவுன் டாக்டரின் களிம்பில். அதை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

மதர் மெதுவாகச் சொன்னார்: "இது வெளிய போனா உங்கம்மா மடத்துச் சமையலறைல நிக்க முடியாது. உன்னப் படிக்க வெச்ச அடுப்பு அது."

"தெரியும் மதர். அதச் சொல்லிச் சொல்லித்தானே இத்தன வருஷம் எங்க வாய அடைச்சீங்க."

வரியை அடித்தேன். மேலே எழுதினேன்: 'கண்நோய்க்கு மருந்தென்று எங்கள் ஊர்ப் பெண்கள் சுரண்டியவை. புனித பெட்காவின் இடது கண், எனக்காகச் சுரண்டப்பட்டது.' கீழே கையெழுத்து.

"எம் பேர எழுதாதடி."

"எழுதலம்மா. எம் பேருதான்."

"ஊருக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் சொன்னது சரி. அறிக்கையைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அதைத் தலைநகரில் ஒப்படைக்க, சோபியா பஸ்ஸைப் பிடிக்க வெளியே நடந்தேன்.