சட்டைக்கு வேறு ஆணி

சேசுராஜ் குடியை விட்ட பிறகும் பம்பாய் தாராவியில் கோலி என்று சொல்லும் அவனுடைய ஒற்றை அறை வீட்டில் அடி விழுவது நிற்கவில்லை. 1964இல் ஈஸ்டருக்கு மறுநாள் அவன் குடியை நிறுத்தினான். அந்த வியாழக்கிழமை பிற்பகல் அவன் தோல் பட்டறையில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் முழங்கால் வரை நின்றுகொண்டிருந்தபோது, இரண்டு சந்து தள்ளி, வீட்டில் தனியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவன் மனைவி ரோசம்மாவின் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. ஐந்து விரலும் பதிந்திருந்தன, நடுவிரல் மட்டும் கோணலாக. தோல் சீவும் கத்தி பட்டு சேசுராஜுக்குக் கோணிப்போன விரல் அது. சனிக்கிழமை ஓர் உதை அவளை அடுப்பின் மேல் தள்ளியது, முழங்கை வெந்தது. மறுவாரம் ஏதோ ஒன்று கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதியதில் நெற்றி பிளந்தது. அந்த வருஷம் ரேஷனில் அரிசி குறைந்தது. தாராவிக்காரர்கள் அரிசியைப் பற்றிப் பேசிய அதே குரலில் இதையும் பேசிக்கொண்டார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் ரோசம்மாதான். ஆறு வருஷமாக சேசுராஜ் குடித்துவிட்டு வந்து அடிப்பான், விடிந்ததும் "ஒண்ணும் ஞாபகம் இல்லட்டி" என்பான். பொய்யில்லை, நிஜமாகவே இருக்காது. அடித்தவனே ஏற்றுக்கொள்ளாத அடிகள் போக்கிடம் இல்லாமல் கோலியிலேயே தங்கிவிட்டன. அவன் புதிதாக அடித்துக்கொண்டிருந்தவரை அவற்றுக்கு வேலையில்லை. கை ஓய்ந்ததும் பழையவை இறங்கி வந்தன. "ஒண்ணு இதுகள எங்கயாவது கூட்டிட்டுப் போரும், இல்லன்னா என்னை அடக்கம் பண்ண ஆளு பாரும்" என்றாள், அழாமல். சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள்.

குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் இடம் ஒன்று எங்கோ இருப்பதாகப் பட்டறையில் சொன்னார்கள். ஆனால் அது மதுவிலக்குக் காலம். குடிகாரர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று கேட்கிறவன் போலீஸின் ஆளாக இருப்பான், இல்லாவிட்டால் நாக்கு வறண்டவனாக இருப்பான். சேசுராஜ் கேட்டுப் போன மாட்டுங்காவில் முதல் வகையாக எண்ணி அவன் மூக்கை உடைத்தார்கள். காட்கோபரில் இரண்டாவது வகையாக எண்ணி, தோளில் கைபோட்டு அழைத்துப்போய், கள்ளச்சாராயம் விற்கும் வீட்டில் உட்காரவைத்து கிளாஸை நீட்டினார்கள். கிளாஸைத் தரையில் கவிழ்த்தான். அந்தக் குற்றத்துக்காக நாலு பேர் வெளியே இழுத்துப்போட்டு மிதித்தார்கள். கிழிந்த உதட்டோடு செம்பூர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்த டீக்காரர், கேட்காமலேயே வழி சொன்னார். அவரும் அங்கே போகிறவர்தான்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு, செம்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரிய ஆண்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். மாட்டுங்கா குமாஸ்தா பிரம்மநாயகம்தான் கூட்டத்தை நடத்துகிறவர். அவர் கடைசியாகக் குடித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எழுந்து நின்று, பெயரைச் சொல்லி, குடித்துவிட்டுச் செய்ததைச் சொல்ல வேண்டும். சேசுராஜ் என்ன செய்தான்? ஞானஸ்நானம் வாங்கியவன் வேறென்ன செய்வான்? பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதுபோல பிரம்மநாயகத்தின் நாற்காலி ஓரம் முழந்தாளிட்டு, அவர் காதில் "கோபத்தினால பல தடவ பாவம் செஞ்சேன்" என்று கிசுகிசுத்துவிட்டு, பத்து அருள்நிறை மந்திரம் அபராதமாகக் கிடைக்கும் என்று காத்திருந்தான். அவன் வீடு திரும்புவதற்குள் ரோசம்மாவின் மேல் இரண்டு அடி சேர்ந்து விழுந்திருந்தன.

"இது கோயில் இல்லய்யா" என்றார் பிரம்மநாயகம் மறுவாரம். "எந்திரிச்சு நின்னு, என்னைக்கு, எங்க அடிச்சீங்கன்னு எல்லார் காதுலயும் விழச் சொல்லுங்க."

"ஞாபகம் இல்லயே ஐயா."

"ஞாபகம் உள்ளவங்க வீட்ல இருக்காங்கல்ல, கேட்டுட்டு வாங்க."

கேட்பதுதான் கொடுமையாக இருந்தது. சனிக்கிழமைதோறும் ரோசம்மா ஒன்றைச் சொல்வாள். "அடுத்த கோலி சைனப் கல்யாணத்தன்னிக்கு, அம்மிக் குழவியால, இடது விலாவுல." ஞாயிற்றுக்கிழமை அவன் எழுந்து அதைச் சொன்னான். சொல்லி முடித்ததும் அந்த அடி தாராவியிலிருந்து வந்து அவன்மேல் விழுந்தது. விலா எலும்பு முறிந்த சத்தம் கடைசி பெஞ்சுவரை கேட்டது. இப்படியே மூன்று வருஷம். இரண்டு பல் போயிற்று, தோள் இறங்கியது, அவன் கன்னத்தில் அவனுடைய கோணல் விரலே பதிந்தது. அவன் எழுந்தால் பெஞ்சை நகர்த்தி இடம்விடுவது மற்றவர்களுக்குப் பழகிவிட்டது. பிரம்மநாயகம் சாக்பீஸ் பெட்டியில் பஞ்சும் டிஞ்சரும் வைத்திருந்தார். கோலியில் அடிகள் குறைந்தன.

1967இல், ஒரு சனிக்கிழமை, இன்னும் எத்தனை என்று கேட்டான்.

"ஒண்ணுதான். அத நீரு கொண்டுபோவ வேண்டாம்" என்றாள். "ஏழாம் மாசம் குழாயடியில வழுக்கி விழுந்து பிள்ளைய எழந்தேன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன்லா. நான் வழுக்கல."

சேசுராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அதயும் சொல்லுதேன் ரோசம்மா, எம்மேலயே விழட்டும்" என்றான்.

"விழுந்தா தீந்துபோயிரும். அது தீரக் கூடாது. எங்கிட்ட இருக்கட்டும்."

திங்கட்கிழமை அது இறங்கி வந்தபோது, கனத்தை வைத்தே அடையாளம் கண்டு, இரண்டு கையாலும் பிடித்து, அவன் சட்டை மாட்டும் ஆணியில் ரோசம்மா அதை மாட்டினாள். அங்கேயே இருந்தது. அவள் தலையில் அதன் பிறகு ஒன்றும் விழவில்லை. இரண்டு வருஷம் கழித்து குடிசைகளைக் கணக்கெடுக்க வந்த அதிகாரியிடம், அந்த இடத்தில் கொஞ்சம் குனிந்து போகச் சொன்னாள். அவர் குனிந்து போய், வீட்டில் ஆட்கள் இரண்டு என்று எழுதிக்கொண்டார். சேசுராஜ் ஞாயிறு தவறாமல், மூன்று மணிக்கு அந்த ஆணிக்கு எதிரே நின்று பொத்தானைப் போட்டுக்கொண்டு செம்பூருக்குக் கிளம்புவான். சட்டைக்கு வேறு ஆணி அடித்துக்கொண்டார்கள்.