இளஞ்சூடு

ஐஸ் தண்ணீரில் கையை விட்டால் முதல் பத்து நிமிடம் உயிர் போகும். அதைத் தாண்டிவிட்டால் ரத்தம் விரல் நுனிவரை வந்து சூடேற்றும். அந்தச் சூடு போகும், மறுபடி வரும். இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் புதிதாக வந்து அழுகிறவர்களுக்கெல்லாம் சண்முகவடிவு இதைத்தான் சொல்வாள். பத்தொன்பது வருஷம் உரித்த கை. இப்போதெல்லாம் அவளுக்கு அந்தப் பத்து நிமிட வலியே கிடையாது. கை நன்றாகப் பழகிவிட்டது என்று பெருமை வேறு. என்ன பெருமையோ!

பிள்ளையில்லாதவள். தங்கை மாலதிக்கு மகன் பிறந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானம் ஷெட்டிலிருந்து திரும்பி, சயானில் ரயிலைவிட்டு இறங்கி, தாராவியில் நேரே தங்கை வீட்டுக்கு ஓடுவாள். பெரியம்மைதான் பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும், அதுதான் ஊர் வழக்கம் என்று ஒரு வழக்கத்தை அவளே உண்டாக்கி வைத்திருந்தாள். மாலதி சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தாள்.

அன்று தண்ணீர் காய வைக்கும் ராடு வாளியில் கூடுதல் நேரம் கிடந்துவிட்டது. சண்முகவடிவு சுவிட்சை அணைத்து, ராடை எடுத்துவிட்டு, கையால் துழாவிப் பார்த்தாள். இளஞ்சூடுதான். காலை நீட்டிப் பிள்ளையைக் கிடத்தி, முதல் செம்பை அதன் பாதத்தில் ஊற்றினாள். ஆவி பறந்ததே, பார்க்கவில்லையா என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். கையை நம்புகிறவள் ஆவியையா பார்த்துக்கொண்டிருப்பாள்?

பிள்ளையின் அலறல் கேட்டு மாலதி ஓடிவந்தாள். வாளியில் விரலை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"தொட்டுப் பாத்தியாக்கா?"

"பாத்தேம்ட்டி."

"ஒனக்குச் சுடலியா?"

சண்முகவடிவு தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டுவரை சிவந்திருந்தது.

பிள்ளைக்குப் பத்து நாளில் ஆறிவிடும் என்றார் டாக்டர். அவள் கண்ணை மூடச் சொல்லி விரல் நுனிகளில் ஊசியால் குத்தினார். எப்போது குத்துவார் என்று அவள் காத்துக்கொண்டே இருந்தாள். குளிரில் நரம்பு செத்துவிட்டது, ஐஸ் வேலையை விட்டாலும் இனி உணர்ச்சி திரும்பாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

புண் ஆறிய பிறகும் அவள் போகும்போதெல்லாம் பிள்ளை குளித்து முடித்திருந்தது. மாலதி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை; டீ கொடுத்தாள், பிள்ளையை மடியிலும் போட்டாள். சண்முகவடிவு அந்தப் பாதத்தைப் பிடித்தாள். பிடித்திருப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது. பிள்ளை காலை உதறிக்கொண்டு அழத் தொடங்கியது.

"கை சில்லுன்னு இருக்குபோலக்கா," என்று சொல்லி மாலதி பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.