மூன்று மலைக்கு ஒரு கிணறு

லூர்துமேரியின் பச்சை ஃபைலில் மகளுடைய பதினேழு சான்றிதழ்கள் இருந்தன. யோகாவுக்கு இரண்டு, அபாகஸுக்கு மூன்று, சிலம்பத்துக்கு ஒன்று, சர்ச்சில் நடந்த மறைக்கல்வித் தேர்வில் பங்கிலேயே முதலாவதாக வந்ததற்கு ஒன்று. மரம் நட்டதற்கும் ஒன்று உண்டு. அந்த மரத்தை அடுத்த வாரமே ஆடு மேய்ந்துவிட்டது, ஆனால் சான்றிதழ் பத்திரமாக இருந்தது. லூர்துமேரி அங்கன்வாடி டீச்சர். லேமினேஷன் போட்ட காகிதம் என்றைக்காவது ஒருநாள் கைகொடுக்கும் என்பது அவளுடைய விசுவாசப் பிரமாணத்தில் கடைசி வரி.

அந்த ஒருநாள் வந்துவிட்டது. மகள் அருள்ஜோதி, சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கணிதக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறாள். நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் முட்டிமோதும் இடம் அது. விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. பள்ளிக்கு வெளியே நீங்களாக விரும்பிச் செய்த செயல்பாடுகளைச் சொல்லவும், மூன்றுக்கு மேல் வேண்டாம், அதில் நீங்கள் செய்தது என்ன என்பதை நூற்றைம்பது சொற்களில் எழுதவும்.

"பதினேழு வச்சிருக்கறவங்கள மூணு போடச் சொன்னா எப்படி?" என்றார் லூர்துமேரியின் கணவர் சேசுராஜ். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். எதையும் கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றிப் பழக்கம்.

"அபாகஸ் கணக்குதானே, அத மொதல்ல போடு. அப்பறம் சிலம்பம், தைரியமான பொண்ணுன்னு தெரியும். மூணாவது மறைக்கல்வி," என்றாள் லூர்துமேரி.

"மறைக்கல்விய அவங்க எதுக்கும்மா கேக்கறாங்க?"

"ஒழுக்கம்டி, ஒழுக்கம்."

அருள்ஜோதி ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். பதினேழில் ஒன்றுகூட அவளாக விரும்பிச் செய்ததில்லை. விரும்பிச் செய்தது ஒன்றே ஒன்றுதான், அதற்குச் சான்றிதழ் கிடையாது. அது ஒரு பழைய அட்டை, மூன்று ஓட்டை, மூன்று நட்டு. பாதி வெண்மதியுடையது. உண்மையைச் சொன்னால் பாதிக்கும் மேலே.

வெண்மதி கூடப் படித்தவள், தொண்டூர்க்காரி. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அவள் ஊர் பஸ் வர ஒரு மணி நேரம் ஆகும். அருள்ஜோதியின் வீடு நடக்கிற தூரம்தான் என்றாலும் அந்த ஒரு மணி நேரமும் அவளும் கூடவே செஞ்சி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள் வெண்மதி, எதிரே தெரிந்த கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏண்டி, நீ ராஜாவா இருந்தா, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி, மூணு அடிவாரத்துக்கும் ஒரே கெணத்துலேர்ந்து வாய்க்கா வெட்டணும். மொத்த வாய்க்கா நீளம் ரொம்ப கம்மியா இருக்கணும். கெணறு எங்க?"

"நடுவுல."

"நடுவுன்னா எங்கடி?"

அந்த 'எங்கடி'க்கு விடை தேட இரண்டு பேருக்கும் எட்டு மாதம் ஆனது. அருள்ஜோதி மூன்று மலையையும் அட்டையில் அளவாக வரைந்து ஓட்டை போட்டாள். நைனா சேசுராஜின் டூல்ஸ் டப்பாவிலிருந்து ஒரே எடையில் மூன்று நட்டு எடுத்து வந்தாள். வெண்மதி மூன்று நூலை ஒன்றாக முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு நட்டைத் தொங்கவிட்டாள். முடிச்சு அட்டைமேல் இங்கும் அங்கும் இழுபட்டு ஓரிடத்தில் நின்றது. அளந்து பார்த்தால் நூல்களுக்கு நடுவே மூன்று கோணமும் நூற்றிருபது. அட்டையைப் பார்த்து சைக்கிளில் அந்த இடத்தைத் தேடிப் போனார்கள். அங்கே ஒரு எருமை கட்டியிருந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஏன் நூற்றிருபது என்று கண்டுபிடித்தது வெண்மதிதான். மூன்று பேரும் ஒரே பலத்தோடு இழுக்கும்போது எந்த இரண்டு பேரும் பக்கம் பக்கமாக நின்று கூட்டுச் சேரக்கூடாது, சேர்ந்தால் முடிச்சு அவர்கள் பக்கம் நகர்ந்துவிடும், ஆகவே மூவரும் சமமாக விலகித்தான் நிற்க வேண்டும் என்றாள். அதைச் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அருள்ஜோதி வீடு வரைக்கும் தானாகப் பேசிக்கொண்டே நடந்தாள்.

இப்போது வெண்மதி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்ததும் ஊருக்குள் வேன் வந்தது, பதினெட்டு முடிந்த பெண்களை வேலைக்கு எடுத்துக்கொண்டு போனது. அவள் வீட்டில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "ஒரு வருஷம் போயி பாக்கறேனே," என்று அவளேதான் சொன்னாள். யார்மேலாவது கோபப்பட முடிந்திருந்தால் அருள்ஜோதிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஷிப்ட்டுக்குள் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டுமாம். முதல் வாரம் நீளநீளமாக வந்த மெசேஜ், பிறகு 'சாப்டியா' ஆகி, அதற்கும் பிறகு 'ம்' ஆகிவிட்டது. சனிக்கிழமைகளில் தொண்டூர் பஸ் வரும் நேரத்துக்கு அருள்ஜோதி ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்வந்தாள்.

விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்லத்தான் போன் செய்தாள். வெண்மதி கேட்டுவிட்டு, "அட்டைய போடறியா? போடு, நல்லா இருக்கும்," என்றாள்.

"உன் பேரையும் சேத்துதான் போடுவேன்."

"எம் பேரு எதுக்குடி? நீயே பண்ணதா போட்டுக்கோ. எனக்கு அத வச்சு இன்னா ஆவப்போவுது?"

என்னுடையதும்தான், விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவள் சண்டைக்கு வருவாள் என அருள்ஜோதி எதிர்பார்த்திருந்தாள். சண்டைக்காக ஏங்கினாள் என்றே சொல்லலாம். இப்படிச் சுலபமாகத் தூக்கிக் கொடுத்ததுதான் அவளைச் சுட்டது.

பிரவுசிங் சென்டர் தங்கராசு தட்டச்சு செய்யும்போதே தலையை ஆட்டினார். "இன்னாம்மா, எங்க பாத்தாலும் 'வீ, வீ'ன்னு எழுதியிருக்க? 'ஐ' போடு. தலைமைப் பண்பு பாப்பாங்க. சும்மா கூட நின்னவங்க பேரெல்லாம் எதுக்கு?"

"கூட நின்னது நான்தான் அண்ணா. அப்படியே அடிங்க."

தங்கராசு அப்படியே அடித்தார். மூன்று கட்டங்களில் ஒன்றுதான் நிரம்பியது. மற்ற இரண்டையும் அருள்ஜோதி காலியாகவே விட்டுவிட்டாள். லூர்துமேரி அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் மகளிடம் பேசவில்லை.

நுழைவுத் தேர்வு முடிந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. லூர்துமேரி பச்சை ஃபைலோடு துணைக்குப் போனாள். ஃபைலை வாசலிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். உள்ளே மூன்று பேர். அதில் ஒரு பேராசிரியை, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தவர், "தமிழ்லயே சொல்லும்மா," என்றார். அருள்ஜோதி எருமை உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா சிரித்தார். பிறகு பலகையில் ஒரு சதுரம் வரைந்தார்.

"நாலு மூலையிலும் நாலு மலை. எல்லாத்துக்கும் வாய்க்கால் இணைப்பு வேணும். மொத்த நீளம் குறைவா இருக்கணும். எப்படி வெட்டுவே?"

"மூலைக்கு மூலை குறுக்கா கோடு போட்டு, ரெண்டும் வெட்டிக்கிற எடத்துல கெணறு மேடம்."

"அதைவிடக் குறைக்க முடியாதா?"

அருள்ஜோதி பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஆள் இல்லாமல் யோசிப்பது அவளுக்குப் பழக்கமில்லை. "நாங்க நாலுக்கு வரல மேடம்," என்று கடைசியில் சொன்னாள்.

"அந்த வெண்மதி அப்ளை பண்ணலியா?"

"இல்ல மேடம். கம்பெனிக்குப் போயிட்டா."

பேராசிரியை பேனாவை மூடினார். "சரி, யோசிச்சுப் பாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாவது தோணினா மெயில் போடு. அதுவரைக்கும் லிஸ்ட் போடமாட்டோம்."

திரும்பி வரும் பஸ்ஸில், செங்கல்பட்டை நெருங்கும்போது, ஒரகடத்துக்குப் பிரியும் சாலை எந்தப் பக்கம் இருக்கும் என்று அருள்ஜோதி ஜன்னல் வழியே தேடினாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "நாலு மலைன்னா இன்னா பண்ணுவன்னு கேட்டாங்கடி. குறுக்குக்கோடுன்னு சொன்னேன். இன்னும் கொறைக்கலாமாம்." விடையைக் கேட்கவில்லை, சும்மா சேதி சொல்கிறோம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

திங்களும் செவ்வாயும் பதில் இல்லை. அருள்ஜோதி தானாக ஏதேதோ வரைந்து பார்த்தாள், கிணற்றை இங்கும் அங்கும் நகர்த்தினாள், நகர்த்த நகர்த்த நீளம் கூடியதே தவிரக் குறையவில்லை. சீட்டு கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு ஒரு போட்டோ வந்தது.

கம்பெனிப் பெட்டியிலிருந்து கிழித்த அட்டை. நான்கு மூலையில் நான்கு குண்டூசி. நடுவே ஒன்றல்ல, இரண்டு முடிச்சு. இடப்பக்கத்து மூலைகள் இரண்டும் ஒரு முடிச்சில் சேர்ந்தன, வலப்பக்கத்து மூலைகள் இரண்டும் இன்னொன்றில். இரண்டு முடிச்சுக்கும் நடுவே ஒரு சின்ன நூல். கீழே வெண்மதியின் குரல், பின்னால் ஹாஸ்டல் பெண்களின் இரைச்சல்.

"ஒரே கெணறுன்னு நாமதானடி முடிவு பண்ணிட்டோம். அவங்க அப்படி சொல்லவே இல்லியே! ரெண்டு வெட்டிப் பாத்தேன். பத்து சென்டிமீட்டர் சதுரம். குறுக்கா போட்டா மொத்தம் இருபத்தெட்டு புள்ளி மூணு வருது. இதுல இருபத்தேழு புள்ளி மூணுதான். ஒரு சென்டிமீட்டர் மிச்சம்! கோணத்த பாரு, எல்லாம் நம்ம நூத்தியிருபது."

அருள்ஜோதி போட்டோவைப் பெரிதாக்கினாள். அட்டையின் ஓரத்தில், கட்டில் விரிப்பின் மேல், மூடி நசுங்கிய ஒரு காம்பஸ் பாக்ஸ் கிடந்தது. பள்ளிக்கூடத்து அதே காம்பஸ் பாக்ஸ். துணிமணி, பக்கெட், தட்டு என்று எண்ணி எண்ணி எடுத்துப்போன ஹாஸ்டலுக்கு அவள் அதையும் கொண்டுபோயிருக்கிறாள். அருள்ஜோதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷம்தான். ஆனால் எட்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு, தான் இல்லாமலேயே ஒன்று நடந்துவிட்டதில் வலியும் இருந்தது.

உடனே கூப்பிட்டாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே? அனுப்பு சீக்கிரம், உன் பேர்லயே," என்றாள் வெண்மதி.

"நீ கண்டுபிடிச்சத நான் எப்படிடி..."

"எனக்கா இன்டர்வியூ? லூசு மாதிரி பேசாத. சீட்டு போயிடும்."

"அடுத்த வருஷம் நீ அப்ளிகேஷன் போடுவியா?"

அந்தப் பக்கம் யாரோ வெண்மதியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "பாக்கலாம்டி. கம்பெனி பஸ்ஸு வந்துட்டுது," என்று வைத்துவிட்டாள்.

அருள்ஜோதி மெயிலைத் தமிழில்தான் எழுதினாள். 'நாங்கள்' என்று தொடங்கி, அழித்தாள். 'நான் கண்டுபிடித்தேன்' என்று எழுதக் கை போகவே இல்லை. கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: 'மேடம், நான் அன்று சொன்ன விடை தவறு. சரியான விடை இந்தப் போட்டோவில் இருக்கிறது. இதில் நாங்கள் இல்லை, வெண்மதி மட்டும்தான். ஷிப்ட் முடிந்து வந்து, தனியாகக் கண்டுபிடித்தாள். அவள் நம்பர் கீழே இருக்கிறது. பகல் ஒரு மணிக்கு மேல் போனை லாக்கரில் வைத்துவிடுவாள், அதற்கு முன்னால் கூப்பிடவும்.'

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த லூர்துமேரி கேட்டாள். "இன்னாடி அனுப்பின? இன்னும் ஒரு ஆக்டிவிட்டி கேட்டாங்களா?"

"ஆமாம்மா. வெண்மதியோடது."

"அவதான் இப்ப ஸ்கூலுக்கும் போவல, காலேஜுக்கும் போவல. அவளுக்கு இன்னாடி ஆக்டிவிட்டி?"

"அதான்மா, ஸ்கூலுக்கு வெளிய அவளா விரும்பி செஞ்சது," என்றாள் அருள்ஜோதி.