சங்கிலிப்பாண்டி கொடுத்த விரல்

கொச்சி மட்டாஞ்சேரி சுக்குக் கிட்டங்கியில் போன வாரம் காய்ச்சல்காரர்களுக்கு மலேரியா சோதனைக்காக ரத்தம் எடுத்தபோது நல்லசிவம் தன் விரலைக் கொடுக்கவில்லை. கூடத் தங்கியிருந்த சங்கிலிப்பாண்டியைத் தள்ளிவிட்டான்.

"ஊசின்னா எனக்குத் தலை சுத்தும்லே. என் பேரச் சொல்லி நீ போயி நில்லு."

"சாக்கு சாக்கா தூக்குறவனுக்கு ஊசி பயமாக்கும்!" என்று சிரித்தாலும் பாண்டி போய் நின்றான். வருகைப் பதிவிலேயே ஒருத்தனுக்காக இன்னொருத்தன் கைநாட்டு வைக்கிற இடம் அது. சீட்டு வந்தது: நல்லசிவத்துக்கு மலேரியா இல்லை.

அவனுக்குப் பயம் ஊசியிடம் இல்லை. நாலு வருஷமாக எச்ஐவி. வைட்டிலாவில் மைத்துனனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி, சத்து மாத்திரை டப்பாவில் மாற்றி வைத்துக்கொள்வான். ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று நினைத்தான். வந்தால் எட்டுப் பேர் தங்கும் அறையில் பாய் விரிக்க இடம் கிடைக்காது. கிட்டங்கியிலும் நாளை முதல் வரவேண்டாம் என்பார்கள்.

காய்ச்சல் விடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் பல் கிட்டுகிற குளிர், அப்புறம் பாய் நனைகிற வேர்வை. பழைய நோய்தான் மாத்திரைக்கு மசியாமல் கிளம்பிவிட்டது என்று முடிவுகட்டிச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். பாண்டி ஒருநாள் லீவு போட்டு, சுகாதார நிலையத்து நர்ஸ் ஸ்நேஹாவைக் கையோடு கூட்டிவந்தான். கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"என்ன அண்ணா, உடம்பு தீயாட்டம் கொதிக்கறதே! வெளியூர் போயிருந்தேளா?"

"மங்களூர்ல ரெண்டு மாசம் வேலை."

"அங்கே மலேரியா ஜாஸ்தி, விரலை நீட்டுங்கோ."

மறுக்க அவனுக்குத் தெம்பில்லை. விரலைக் குத்திச் சின்ன அட்டையில் சொட்டு வைத்தாள். கால் மணி நேரத்தில் கோடு விழுந்தது.

"மலேரியா! போன வாரம் இல்லேன்னு வந்துதே?"

பாண்டி தலையைச் சொறிந்தான். "அது என் விரலு சிஸ்டர்."

"நன்னாயிருக்கு! அவருக்கு ஆபரேஷன்னா நீ போய்ப் படுப்பியோ?"

நல்லசிவம் அட்டையையே பார்த்தான். "இதுல வேற என்னெல்லாம் தெரியும்?"

"மலேரியா மட்டும்தான்."

ஒரு வாரம் வீணாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"வேற மருந்து ஏதாவது கழிக்கறேளா, சாப்பிடறேளா?" என்று கேட்டாள். "சிலதோட மலேரியா மருந்து சேராது. டாக்டர் அறியணும்."

ரத்தம் சொல்லாததை இனி வாய்தான் சொல்ல வேண்டும். "பாண்டி, சிஸ்டருக்குச் சாயா வாங்கிட்டு வாலே."

"நேக்கு வேண்டாம்" என்றவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வாங்கிண்டு வா" என்றாள்.

பாண்டி அசையவில்லை. "விரலக் குடுத்தவன் நான். எனக்குத் தெரியக்கூடாதோ?"

குளிர் மறுபடி முதுகில் ஏறியது. இன்னொரு வாரம் இதைத் தாங்க முடியாது.

"எச்ஐவி மாத்திரை. நாலு வருஷமா."

ஸ்நேஹா பேர் எழுதுவது போல அதையும் எழுதிக்கொண்டாள். "டப்பாவை எடுத்துக்கோங்கோ. இப்பவே ஆஸ்பத்திரி போணும். அது இருக்கற உடம்புல மலேரியாவை வெச்சுண்டிருக்கப்படாது."

பாண்டி வாசல்வரை போய்த் திரும்பினான். "சிஸ்டர், அவன் பேருல கெடக்கது என் ரத்தம். அத மொதல்ல மாத்துங்க."

"மாத்தறேன். இவரை யாரு படியிறக்கறது?"

பாண்டி தன் பாயையும் தட்டையும் நல்லசிவத்தின் பாயருகிலிருந்து எடுத்து ஜன்னலோரம் தள்ளிவைத்தான்.

"தட்டுல ஒண்ணும் ஒட்டாது" என்றாள் ஸ்நேஹா.

"உங்களுக்குத் தெரியும். எனக்கு நாளாகும்." வந்து நல்லசிவத்தின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான்.

"மத்தவனுவகிட்ட..." என்று இழுத்தான் நல்லசிவம்.

"மலேரியான்னு சொல்லுதேன். படியப் பாத்து இறங்குலே."