அடிக்கட்டையில் ஒரு தெப்பம்

ரொட்டிக்கு வந்த வாழ்வைப் பார்த்தால் பிக்குனுக்கு வாய் கசந்தது. தாய்லாந்தில் பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமியன்று கங்கையம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு ஆற்றில் விடுகிற தெப்பத்தை இப்போது ரொட்டியில் செய்கிறார்கள். வாழை மரத்தை வில்லையாக வெட்டி, இலையை இதழ் இதழாக மடித்து, மூங்கில் ஊசி குத்தி, செண்டுமல்லி சுற்றி, நடுவில் மூன்று ஊதுவத்தியும் ஒரு மெழுகுவத்தியும் செருகினால்தான் அதற்குக் கிரத்தோங் என்று பேர். கோயில் படித்துறையில் பத்தொன்பது வருடமாக அவள் அப்படித்தான் செய்து விற்கிறாள். எதிர்க்கடையில் கம்தோன் என்கிற தடியன் ரோஸிலும் பச்சையிலும் ரொட்டித் தெப்பங்களை அடுக்கி வைத்திருக்கிறான். தாமரை மாதிரி ஒன்று, ஆமை மாதிரி ஒன்று. போன வருடம் சுறா மீன்கூட இருந்தது.

“தண்ணில விட்டா மீன் தின்னுடும் பெரியம்மா. ஆத்துல குப்பை சேராது” என்று ஒருமுறை விளக்கம் வேறு சொன்னான்.

“ஓகோ! கங்கையம்மாகிட்ட மன்னிப்புக் கேக்க வந்தவன் மீனுக்கு டிபன் போட்டுட்டுப் போறானா? நல்லா இருக்குடா உன் பக்தி!”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆகாது. திட்டினால் மனுஷனுக்கு முகம் சுண்ட வேண்டாமா?

இந்த ரொட்டிக்காரனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள் அவள் மகள் லம்துவன். ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை, இருபத்தேழு வயது. ஊரில் ஒருத்தனும் பிக்குன் கண்ணுக்குத் தேறவில்லை. வாத்தியார் ஒருவன் வந்தான். நடை கோணல் என்றாள். படகுக்காரன் ஒருவன் வந்தான்; அவனைவிட அவன் படகுக்கு அறிவு அதிகம் என்றாள். உண்மை என்னவென்றால், புருஷன் செத்தபிறகு சோற்றுப் பாயில் எதிரே உட்கார அவளுக்கு இருந்தது மகள் ஒருத்திதான். அவளைக் கொண்டுபோக எவன் வந்தாலும் அயோக்கியன்தான். இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. கம்தோன்மேல் ஈஸ்ட் நாற்றம் என்று சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது.

அந்த ஊரில் காதலிக்கிற கழுதைகள் ஆளுக்கொரு தெப்பம் விட்டு, இரண்டும் சேர்ந்து போகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்க்கும். சேர்ந்து போனால் கல்யாணம், பிரிந்தால் ஒப்பாரி. ஆற்றுக்கு வேறு வேலை இல்லையா என்று வருஷா வருஷம் கேலி செய்கிறவள் பிக்குன். அதே பிக்குன் பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னால், கணவாய் மீன் சுட்டு விற்கிறவளான சங்வியன் காதில் விழும்படி ஒரு நிபந்தனை போட்டாள். சங்வியன் காதில் போட்டால் தண்டோரா தனியாகப் போட வேண்டியதில்லை.

“ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு விடுங்க. ரொட்டி கிட்டி வேண்டாம், வாழையிலை. நானே செஞ்சு தரேன். ரெண்டும் ஒண்ணாப் பாலத்தைத் தாண்டினா நான் வாயைத் திறக்க மாட்டேன். பிரிஞ்சுதுன்னா இவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது.”

லம்துவன் அம்மாவை உற்றுப் பார்த்தாள். “நிஜமாத்தான் சொல்றியா?”

“கங்கையம்மா விஷயத்துல விளையாடுவேனா?”

மகள் நம்பிவிட்டாள். அம்மாவின் வாயை அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த வாய் ஆற்றின் பேரில் இதுவரை பொய் சொன்னதில்லை.

பௌர்ணமியன்று மத்தியானம் பிக்குன் தட்டியை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். வாழை மரத்தின் நுனிப்பக்கம் பஞ்சு மாதிரி. அதில் வெட்டிய வில்லை தண்ணீர்மேல் துள்ளிக்கொண்டு போகும். அடிக்கட்டை அப்படியல்ல. கிழங்கோடு ஒட்டிய பாகம், வேர்முண்டு முண்டாக, கல்லாகக் கனக்கும். கழுத்தளவு முங்கிக்கொண்டு நகராமல் நிற்கும். தெப்பம் செய்கிற எவளும் அதைத் தொடமாட்டாள், குப்பையில் எறிந்துவிடுவாள். மகளுக்கு நுனி வில்லையை எடுத்தாள். குப்பையிலிருந்து அடிக்கட்டையைப் பொறுக்கிவந்து ரொட்டிக்காரனுக்கு வெட்டினாள்.

இலை மடிப்பில் மட்டும் அவள் வஞ்சகம் செய்யவில்லை. எதிரிக்குச் செய்தாலும் பிக்குன் கை பிக்குன் கைதான். சுற்றிலும் மூன்று வரிசை இதழ், நடுவில் வாடாமல்லி. வேர்முண்டு வெளியே தெரியாதபடி இலை நன்றாக மூடிக்கொண்டது. தனக்கும் ஒன்று வேண்டுமே என்று பார்த்தால் மகளுக்கு எடுத்தது தவிர நல்ல வில்லை எல்லாம் காலையிலேயே விற்றுப்போயிருந்தது. அடிக்கட்டையின் மிச்சத்தைத் தூக்கியெறிய மனசு வராமல் அதிலேயே தனக்கும் ஒன்று கட்டினாள். தன்னுடையது எந்தச் சேற்றில் போய்ச் செருகினால் யாருக்கு என்ன?

நிலா ஏறியதும் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. சங்வியன் கணவாய்க் கடையை அப்படியே விட்டுவிட்டு முன்வரிசைக்கு வந்துவிட்டாள். கம்தோன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து கும்பிட்டான். பிக்குன் நீட்டிய தெப்பத்தை இரண்டு கையாலும் வாங்கியவன் ஒரு கணம் அப்படியே நின்றான்.

“என்னடா முழிக்கிற? இலையைப் பாத்ததில்லையா?”

“அழகா இருக்கு பெரியம்மா” என்றான்.

ஆளுக்கு நாலு முடியும் நகமும் வெட்டி உள்ளே வைத்து, நெற்றிக்கு நேரே தூக்கி வேண்டிக்கொண்டு விட்டார்கள். லம்துவனுடையது விட்ட மாத்திரத்தில் ஓட்டம் பிடித்தது. கம்தோனுடையது இரண்டு முழம் போனது, தயங்கியது, படியோரம் தேங்கியிருந்த ஆகாயத்தாமரையில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றுவிட்டது. கூட்டம் ‘ச்சூ’ கொட்டியது. லம்துவன் தன் விளக்கு தனியாகப் பாலத்துக்கடியில் மறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உதட்டைக் கடித்திருந்தாள். பிக்குனுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். மகள் முகத்தைப் பார்க்காமல் தன் தெப்பத்தைக் கடனுக்கு விட்டுவிட்டுத் திரும்பினாள்.

“ஐயோ, அக்கா! அங்க பாரு, அங்க பாரு!” சங்வியன் கூவினாள்.

ஒரே கட்டையில் பிறந்தவை அல்லவா? பிக்குனுடையது முங்கி முங்கிப் போய்க் கம்தோனுடையதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, இதழோடு இதழ் சிக்கி நின்றது.

“அக்காவுக்கும் ரொட்டிக்காரனுக்கும் ஜோடி சேந்துடுச்சுடீ! பொண்ணைக் கேட்டான், ஆத்தாளையே குடுத்துட்டா கங்கையம்மா!”

படித்துறையே சிரித்தது. துறவி ஒருவர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்கத்தான். பத்தொன்பது வருடமாக ஊரைச் சிரிக்க வைத்தவள், ஊர் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைத் தாங்குவாளா? கைலியைத் தூக்கி இடுப்பில் சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பாசி வழுக்கியது. கம்தோன் பின்னாலேயே இறங்கி முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

“விடுடா. எனக்கு நீந்தத் தெரியும்.”

சிக்கிய இதழைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். அவனுடையது குப்புறக் கவிழ்ந்தது. நிலா வெளிச்சத்தில் அடிப்பக்கம் பளிச்சென்று தெரிந்தது. செம்மண் நிறம், சுற்றிலும் வேர்முண்டு. பச்சைக் குழந்தைக்குக்கூட விளங்கும்.

“என்னடா அங்க?” கரையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

பிக்குன் கம்தோனைப் பார்த்தாள். இவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொழில் போச்சு, மானம் போச்சு, எல்லாவற்றுக்கும் மேலே மகள் போச்சு. கம்தோன் குனிந்து தெப்பத்தை நிமிர்த்தினான்.

“ஒண்ணுமில்ல. மெழுகுவத்தி அணைஞ்சுபோச்சு.”

பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி, “கையில வாங்கினப்பவே தெரியும் பெரியம்மா. எங்க அப்பா வாழைத்தோட்டக்காரர்” என்றான்.

“தெரிஞ்சுமா விட்ட? பைத்தியமாடா நீ?”

“லம்துவன் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்துச்சு. அம்மா பொய் சொன்னாங்கன்னு அதுக்கு எதுக்குத் தெரியணும்?”

பிக்குனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எவன்? சுறா மீன் வடிவத்தில் ரொட்டி சுடுகிறவன். அவன் இவளுக்கு மானப் பிச்சை போடுகிறான்! இதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், மகளுக்கு எதிரே உட்கார்ந்து சோறு தின்பதா? அவன் கையிலிருந்து தெப்பத்தைப் பிடுங்கினாள். படியேறி, எல்லார் கண்ணிலும் படும்படி தலைகீழாகத் தூக்கிப் பிடித்தாள்.

“நல்லாப் பாத்துக்கங்கடி! அடிக்கட்டை. நான்தான் வெட்டினேன், நான்தான் வெச்சேன். ஆத்து மேல பழி போடாதீங்க. இந்த மடப்பய முதல்லயே தெரிஞ்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு நிக்கிறான். எனக்கு எவனும் பிச்சை போட வேண்டாம்!”

சங்வியன்தான் மெல்ல ஆரம்பித்தாள். “அப்ப... கல்யாணம்?”

“என்னை ஏண்டி கேக்குற? திருடிகிட்ட யாராவது சம்மதம் கேப்பாங்களா?”

சொல்லிவிட்டு மகளைப் பார்த்தாள். அழுவாள், கத்துவாள், கரையோடு நடந்து போய்விடுவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றாள். லம்துவன் அழவில்லை. படியிறங்கிப் போய், இடுப்பளவு தண்ணீரில் இன்னும் நின்றுகொண்டிருந்த கம்தோனின் கையைப் பிடித்து மேலே ஏற்றினாள்.

“நடுங்குறீங்க பாருங்க. வீட்டுக்கு வாங்க, துணி மாத்திக்கலாம்.” நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினாள். “நீயும் வாம்மா.”

முதலில் அவன். பிறகு, நீயும். பிக்குனுக்கு அது சுருக்கென்று தைத்தது. பதிலுக்கு ஏதாவது சுடச்சுடச் சொல்ல வாயைத் திறந்தாள். மகள் நிற்காமல் நடந்துகொண்டிருந்தாள்.

“வரேன், வரேன்” என்று ஈரத் துணியோடு பின்னால் ஓடினாள்.