கீரை ஆய்வுக்கு ஆள் தேவை

பஸ் டிரைவர் ரிட்டயர் ஆனதில் பஸ் கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டமெல்லாம் இரண்டாம் மாடியில், அவர் சம்சாரத்துக்குத்தான். காலமெல்லாம் ஸ்டியரிங் பிடித்த மனுஷர், இப்போது சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு வீட்டை ஓட்ட ஆரம்பித்திருந்தார். அடுப்பைக் குறைக்கச் சொல்வார். குக்கர் ஒரு விசில் கூட அடித்துவிட்டதைக் கண்டுபிடிப்பார். துணி காயப்போடப் போனால், "வலது பக்கம் பக்கெட் இருக்கு, பாத்து" என்பார். பக்கெட்டை அங்கே வைத்ததே அந்தம்மாதான்.

குடி இல்லை, கோபம் இல்லை, தங்கமான மனுஷர். அதனால் யாரிடமும் போய்ப் புகார் சொல்லவும் வழியில்லை. தினம் ஒரு நாலு மணி நேரம் இவர் கண்ணில் படாமல் இருந்தால் போதும், நூறு வயது வாழ்ந்துவிடுவேன் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி நாலு பேரிடம் மட்டும் சொன்னாள். லிஃப்ட் இல்லாத கட்டடம்தான், ஆனாலும் செய்திக்கு மூச்சு வாங்குவதில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாலாம் மாடியில், ஜிம் மூடிப்போன ஹாலில், ஒரு பெண் பண்ணை வைத்தாள். பண்ணை என்றதும் கோழி என்று நினைத்துப் பாதிப்பேர் முன்கூட்டியே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கோழி இல்லை, கீரை. ஜன்னலில் எந்நேரமும் ஊதா வெளிச்சம் வழிந்ததால் அவளுக்கு 'ஊதா' என்றே பேராகிவிட்டது. மண்ணில்லாமல் விவசாயமாவது, உள்ளே சினிமா எடுக்கிறார்கள் என்று முதல் மாடி சத்தியம் செய்தது.

ஒருநாள் படிக்கட்டுச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'கீரை ஆய்வுக்கு ஆள் தேவை. அனுபவம் உள்ளவர்கள் மாடிக்கு வரவும்.'

டிரைவர் சம்சாரம் அதை இரண்டு தரம் படித்தாள். கீரை ஆய்வதற்குச் சம்பளமா? கல்யாணம் ஆன நாளிலிருந்து முறத்தை மடியில் வைத்து வேரும் புல்லும் பழுத்த இலையும் பொறுக்கிய கைக்குக் கடைசியில் ஒரு மரியாதை. நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு ஏறினாள்.

உள்ளே அலமாரி அலமாரியாகப் பச்சை. தரையிலிருந்து கூரை வரை ஆறு அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் வெயிலுக்குப் பதில் ஊதா விளக்கு. புத்தகக் கடையில் புத்தகத்துக்குப் பதில் கீரை முளைத்தது மாதிரி. வேரெல்லாம் குழாய்க்குள் ஓடும் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஊதா பவ்யமாக நாற்காலி போட்டு, எத்தனை வருஷ ஆய்வு அனுபவம் என்று கேட்டாள். முப்பத்தஞ்சு என்றாள் இவள். ஊதா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தனியா பண்ணீங்களா, குழுவாவா?"

"நாலு பேரும்மா. அதுல ஒருத்தி வெறும் வாய்க்கு."

"முடிவெல்லாம் எங்க வெளியிட்டீங்க?"

"வெளிய என்னத்த விடறது? எல்லாம் குழம்புலதான்."

ஊதாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். தான் கேட்டது ஆராய்ச்சிக்கு ஆள் என்றும், இங்கே மண்ணே இல்லாததால் புல்லும் இல்லை, ஆய்வதற்கு ஒன்றுமே இல்லை என்றும் மெதுவாகச் சொன்னாள்.

அந்தம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் இரண்டு மாடி ஏறி வந்ததற்கு ஏதாவது தெரிந்துகொண்டாவது போகலாமே. அப்படியானால் வயலில் இறங்குகிறவர்கள் எல்லாம் இனி வீட்டுக்குப் போக வேண்டியதுதானா என்று கேட்டாள். ஊதா பூசி மெழுகவில்லை. நெல்லும் கிழங்கும் இந்த அடுக்கில் கட்டுப்படியாகாது, சோற்றுக்கு வயல்தான் என்றாள். கீரையும் புதினாவும் மட்டும் இங்கேயே விளைந்தால், கொஞ்சம் தண்ணீரில் காரியம் முடியும், லாரியில் வாடி வதங்கியும் வர வேண்டாம்.

பேச்சின் நடுவே எங்கோ பீப் பீப் என்றது. ஊதா விழுந்தடித்து ஓடி, ஒரு குழாயைத் திருகிவிட்டு வந்தாள்.

"இதான் ஆன்ட்டி என் தலைவலி. ஒருத்தர் உக்காந்து இந்த மீட்டரெல்லாம் பாத்துக்கிட்டே இருக்கணும். எதுலயும் கை வைக்கக் கூடாது. முள்ளு கொஞ்சம் நகர்ந்தாலும் உடனே சொல்லணும், அவ்ளோதான். வர்றவங்க எல்லாம் பத்து நிமிஷத்துல போனை எடுத்துடறாங்க."

டிரைவர் சம்சாரம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். தனக்கு வேண்டியது வேலை இல்லை, காலியான வீடு என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கை வைக்காம, உக்காந்த இடத்துலேர்ந்து குத்தம் மட்டும் சொல்லணும். அதானே?"

"அப்படியும் சொல்லலாம்."

"எங்க வீட்ல ஒருத்தர் இருக்கார்."

டிரைவர் முதலில் பிகு பண்ணினார். கீரைக்குக் காவலா என்றார். மறுநாளே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். ஒரு பம்ப் இழுப்பது சரியில்லை என்று வந்த அன்றே சொன்னாராம். ஊதாவுக்குத் தலைகால் புரியவில்லை. கீழே வீட்டில் அந்தம்மா நட்டநடு ஹாலில் பாயை விரித்து, பகல் பத்து மணிக்குத் தூங்கிப் பார்த்தாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சுகத்தை அனுபவிக்கவே இன்னொரு தரம் முழித்துத் தூங்கினாள்.

வாரக் கடைசியில் டிரைவர் சாப்பிட உட்கார்ந்தபோது, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், வீட்டில் இருங்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

அந்தம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, அதுக்கென்ன தெரியும். செடிக்கு ஏதுங்க ஞாயிற்றுக்கிழமை?"