நத்தைக்காகக் குடித்த அமுதக் குப்பி

1

இந்தக் கதை பிறந்த இடம் எங்கள் வீட்டு ஃப்ரிஜ்ஜின் மேல்தட்டு. முட்டைகளுக்குப் பின்னால் ஒரு சாக்லேட் ஒளிந்திருந்தது. தங்கக் காகிதம், சிவப்பு நாடா, ராஜகுமாரிக்குச் சீராக வந்ததுபோல ஒரு மினுக்கு. எடுத்தேன், தின்றேன். மெழுகுவர்த்திக்குச் சர்க்கரை தடவியதுபோல் இருந்தது. அது எப்போதோ காலாவதியாகிவிட்டது என்று பிற்பாடு காகிதத்தில் படித்தேன். ராஜாக்கள் காலத்துச் சரக்காக இருக்கலாம்.

வெறும் காகிதத்தோடு என்னைப் பிடித்தவள் என் மைத்துனி, மனைவியின் தங்கை. அவள் கோபப்படவில்லை. துக்க வீட்டில் பேசுவதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"அத்தான், அது பெரிய பூதம் வரும்போது சாப்பிடறதுக்குன்னு வச்சிருந்தது."

எந்தப் பூதம், எப்போது வரும் என்று கேட்டேன். தெரியாது, அதனால்தானே வைத்திருந்தேன் என்றாள். மைத்துனிக்கு வயது ஐம்பத்து மூன்று.

அன்று மாலையே எழுத உட்கார்ந்துவிட்டேன். வேலைக்காலம் முழுக்க வானிலை அலுவலகத்தில் மழைமானிக்கு முன்னால் குனிந்து நின்று, பெய்ததை மட்டும் எழுதியவன் நான். ஒரு துளி கூட்டியதில்லை. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து என் தூறலில்கூட யானை மிதக்கிறது. வாசகர்கள் குடையோடு வரவும்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "அவள் பிறக்கும்போதே இரண்டு கட்டைவிரல்களும் பொத்தானை அழுத்துகிற வாக்கில் மடங்கி"

இதை என் மனைவி தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"அவ பொறந்தப்போ நான்தான் பக்கத்துல இருந்தேன். வெரல் எல்லாம் நேராத்தான் இருந்துச்சு."

அடித்தேன். இரண்டாம் தொடக்கம்: "வாழ்க்கை என்பதே ஒரு விளையாட்டு, அதில் நாம் அனைவரும்"

(இல்லை. இதை எழுதிய பேனாவைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறேன்.)

மூன்றாவது, நேர்வழி. அவள் பல் செய்கிறவள். சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை. ஒன்றில் சுண்ணச்சாந்தில் வார்த்த தாடைகள் வரிசையாக வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும். இன்னொன்றில் மெழுகு, சின்ன நெருப்பு, சுரண்டுகிற கத்திகள், அவள். பல் மருத்துவர்கள் அச்சை அனுப்புவார்கள். அவள் கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களைச் செதுக்கி அனுப்புவாள். அவள் செய்த பல்லால் கடித்தால் கருங்கல்லே 'ஐயோ' என்னும்.*

எதைக் கொடுத்தாலும் "பத்திரமா இருக்கட்டும்" என்று எடுத்து உள்ளே வைப்பாள். அதனால் வீட்டில் அவள் பெயரே பத்திரம்.

* கருங்கல்லைக் கடித்தவர் யாரும் இல்லை. அவித்த சோளத்தைக் கடித்த ஒருவர் இருக்கிறார்.

3

பத்திரம் இப்படி ஆனதற்கு முழுப்பொறுப்பு அடியேன்தான். கல்யாணமான புதிதில், பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த மைத்துனியைக் கைக்குள் போட்டுக்கொள்ள, டிவியோடு மாட்டுகிற ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். மாமனார் வீட்டு டிவி அதற்குப் பிறகு செய்தியே கண்டதில்லை.

முதல் விளையாட்டில் ஒரு குட்டி மனிதன் வலப்பக்கமாக ஓடவேண்டும். உலகமே அவனை வலப்பக்கம் ஓட்டியது. பத்திரம் மட்டும் இடப்பக்கம் திருப்பினாள். சுவர். முட்டினாள். மறுபடி முட்டினாள். சுவர் திறந்து, உள்ளே ஒரு புதையல் அறை. அன்று பிடித்த பைத்தியம்தான்: எந்தப் புதுக் கட்டிடத்துக்குப் போனாலும் அம்புக்குறி காட்டுகிற திசைக்கு எதிர்த்திசையில் ஒரு நடை போய்விட்டுத்தான் வருவாள். இப்படித்தான் ஒரு ஆஸ்பத்திரியின் துணி துவைக்கும் அறையில் அவளுக்கு மூன்று உயிர்த்தோழிகள் கிடைத்தார்கள்.

இரண்டாவதில் ஒரு பனிக்குகை வரும். அங்கே ஒரு சின்ன இசை, போய்ப் போய்த் திரும்பி வரும். புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாத பாட்டை அவள் இன்றுவரை பாட்டென்று ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் குகையின் வெள்ளைதான் அவள் செய்கிற பற்களின் வெள்ளையும். பளீரென்று வேண்டும் என்று கேட்கிற மருத்துவர்களிடம், அது வெயில் பட்ட பனி, வாயென்பது குகை, குகைக்குள் இருக்கிற பனிதான் பொருந்தும் என்று அடித்துச் சொல்வாள். சொன்னபடி செய்தும் கொடுப்பாள். போட்டவரின் பெண்டாட்டிக்கே எது சொந்தப் பல் என்று தெரியாது.

மூன்றாவதுதான் பெரிய படிப்பு. ஊர் ஊராகப் போய் எல்லோரிடமும் பேசிக் கதையைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு. அதில் அவள் கற்ற முதல் பாடம்: யாரிடமும் இரண்டு தடவை பேசு. முதல் தடவை எல்லோரும் "நல்ல வெயில்" என்பார்கள். இரண்டாம் தடவைதான் கிணற்றில் சாவி விழுந்ததைச் சொல்வார்கள். காய்கறிக்காரரிடம் வாங்கிவிட்டு, நாலடி போய்த் திரும்பிவந்து, "அப்புறம்?" என்பாள். அவர் மகனுக்கு வேலை போன கதை முதலில் தெரிந்தது அவளுக்குத்தான்.

இரண்டாம் பாடம் இன்னும் உசத்தி. ஓர் அறையில் மருந்தும் சாப்பாடும் தாராளமாகக் கிடந்தால் அடுத்த கதவுக்குப் பின்னால் பெரிய பூதம் நிற்கிறது என்று பொருள். ஒரு பெரிய பல் கம்பெனி அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. காத்திருக்கும் அறையில் பழம், கேக், பழச்சாறு, போகும்போது எடுத்துக்கொள்ளப் பரிசுப்பை வேறு. வாசலில் ஸ்கூட்டரோடு நின்ற என்னிடம் வெளிறிப்போய் ஓடிவந்தாள்.

"கெளம்புங்க அத்தான். உள்ள ரொம்ப நல்லாக் கவனிக்கிறாங்க."

அந்தக் கம்பெனி மறுவருஷம் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது. பரிசுப்பைகள் மிச்சம் என்று கேள்வி.

மூன்றாம் பாடம்தான் வம்பு. அந்த விளையாட்டுகளில் அமுதக் குப்பி என்று ஒன்று கிடைக்கும். குற்றுயிராகக் கிடப்பவரும் ஒரு மடக்கில் எழுந்துவிடலாம். அபூர்வம். அவள் ஒன்றைக்கூடக் குடித்ததில்லை. பெரிய பூதம் வந்தபோதும், இதைவிடப் பெரியது வரும் என்று வைத்துக்கொண்டாள். கடைசிப் பூதத்தை வெறும் கத்தியால் வென்று, பை நிறைய அமுதத்தோடு ஆட்டத்தை முடிப்பாள். ஒரு சமுத்திரமே அந்தப் பையில் தேங்கிக் கிடந்தது.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். வாசகருக்கு இவளைப் பிடிக்குமா? கஞ்சப்பிசினாரி என்று நினைத்துவிட்டால்? இரண்டு வரியில் அவளைத் தாராளப் பிரபுவாக மாற்றிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"அவளையா சொல்றீங்க? நீங்க ஒரு வாக்கியத்தை எத்தன வருஷமா மூட்டை கட்டி வச்சிருக்கீங்க?"

போட்டு உடைத்துவிட்டாள். ஆமாம், என்னிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது. வேலையில் இருந்தபோது மழையைப் பார்த்துத் தோன்றியது. அறிக்கையில் எழுத முடியாது. அப்புறம் எழுதிய எந்தக் கதைக்கும் மனசு வரவில்லை. இதைவிட நல்ல கதை வரட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன். அதை இந்தக் கதையின் கடைசி வரியாக வைப்பதாக உத்தேசம். காத்திருங்கள்.

பத்திரத்துக்கு வருகிறேன். இப்போது அவள் ஆடுவது இணையத்தில், ஊர்பேர் தெரியாத ஆயிரம் பேரோடு ஒரு பள்ளத்தாக்கில். எங்கள் வீட்டு இணையம் வேகம் என்பதால் ஞாயிறு மதியம் இங்கே வந்துவிடுவாள். அங்கே அவளுக்கு ஒரு கூட்டாளி. பெயர் மண்வெட்டி. அதற்கு மேல் பெயர் தெரியாது. இவள் சுவரில் முட்டினால் அவர் பின்னாலேயே வந்து தோண்டிக் கொடுப்பார். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர், வீட்டில் தனி ஆள், தக்காளி ஆகாது, சிரித்தால் 'ஹி' என்று ஒற்றை எழுத்துதான் தட்டுவார்: இதெல்லாம் இரண்டாம் தடவை பேசித் தெரிந்துகொண்டது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் "இருக்கீங்களா?" என்று தட்டுவார். இவள் "இருக்கேன், சொல்லுங்க" என்று தட்டுவாள். அந்த நிமிஷம் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். பல் வரிசை அவ்வளவும் தெரியும், அத்தனையும் சொந்தம்.

இரண்டு தடவை அவர் போன் நம்பர் கேட்டிருக்கிறார். இரண்டு தடவையும் பத்திரம் தட்டிய பதில்: "இருக்கட்டும், அப்புறம் தரேன்."

"வேண்டாம்னு சொல்லல அத்தான். நல்லா இருக்கு. நல்லா இருக்கறத ஏன் தொறக்கணும்?"

குப்பியைக் குலுக்காமல் வைத்திருந்தாள். அப்போதுதான் விளையாட்டுக் கம்பெனியின் அறிவிப்பு வந்தது. பள்ளத்தாக்கை மூடுகிறோம். வருகிற ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு விளக்கணையும். பையில் இருப்பது எல்லாம் அதோடு போகும். மண்வெட்டியும்தான்.

5

அந்த ஞாயிறு எங்கள் கூடத்தில் அடுப்பே அணைந்துபோகுமளவு பரபரப்பு. வழக்கமாக அந்தப் பக்கமே வராத என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் பள்ளத்தாக்கே திரண்டிருந்தது. யார் யாரோ ஆடினார்கள், வாணம் விட்டார்கள், வைத்திருந்த தங்கத்தைத் தரையில் கொட்டினார்கள்.

"இருக்கீங்களா?" என்றார் மண்வெட்டி.

"இருக்கேன், சொல்லுங்க," என்றாள் பத்திரம். அவசரத்தில் ஓர் எழுத்துப் பிழை.

பெரிய பூதத்தின் குகைக்குப் போகலாம், இன்றைக்காவது குப்பிகளைத் திறக்கலாம் என்று இவள் தட்டினாள். மண்வெட்டியிடமிருந்து பதில் வந்தது.

"குகைய மூடிட்டாங்க. கடைசி நாள்ல யாரும் சாகக்கூடாதாம். பூதம் எதுவும் கிடையாது. நத்தை மட்டும்தான் விட்டு வச்சிருக்காங்க."

பத்திரம் கையை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்தாள். வாழ்நாள் முழுக்க எதிர்பார்த்த விருந்தாளி வரமாட்டார் என்று தகவல் வந்ததுபோல. பிறகு எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், மண்வெட்டியைப் புல்வெளிக்குக் கூப்பிட்டாள்.

புல்வெளியில் அப்போதுதான் மழை விட்டிருந்தது. ஒரு நத்தை வந்தது. கடித்தால் எறும்பு கடித்ததுபோலத்தான்

(இங்கே நிறுத்துகிறேன். பத்திரம் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து இவ்வளவையும் படித்தாள்.

"அந்த மழ வாக்கியம் எங்க அத்தான்?"

அது கடைசி வரிக்கு, பத்திரமாக இருக்கிறது என்றேன்.

"யாரு யார்கிட்ட சொல்றது. நத்தைக்குக் குடுங்க."

நத்தைக்கா? அவ்வளவு காலம் அடைகாத்ததையா? அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். சரி. தொலையட்டும்.)

பெய்து முடித்த மழை, கிளம்ப மனமில்லாத விருந்தாளி செருப்பைத் தேடுவதுபோல் நடித்துக்கொண்டு, இலைநுனிகளில் நின்றது. ஒரு நத்தை வந்தது. பத்திரத்தின் குதிகாலைக் கடித்தது. திரையோரம் மீதி உயிரைக் காட்டுகிற கோட்டில் ஒரு மயிரிழை குறைந்தது. அவள் பையைத் திறந்து முதல் அமுதக் குப்பியை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

திரை முழுக்கப் பொன்னொளி. மணியோசை. சிறகு முளைத்த ஏதோ ஒன்று வந்து வாழ்த்திவிட்டுப் போனது. இப்படியெல்லாம் நடக்கும் என்று அவளுக்கே தெரியாது, குடித்திருந்தால்தானே.

"ஒரு நத்தைக்கா?" என்றார் மண்வெட்டி. "ஹி."

"இன்னொண்ணு குடிடி," என்றாள் என் மனைவி, நாற்காலி நுனிக்கு வந்து.

குடித்தாள். மண்வெட்டிக்கும் கொடுத்தாள். போகிற வருகிறவருக்கெல்லாம் ஊற்றினாள். புல்வெளி பகலைவிடப் பகலாக ஜொலித்தது. எங்கள் வீட்டுப் பூனை அந்த வெளிச்சத்தில் குளிர்காய்ந்தது என்றால் நம்பவேண்டும். நத்தை மட்டும் சலிக்காமல் கடித்துக்கொண்டிருந்தது. பை காலி. அதற்குப் பிறகுதான் அவள் யாரும் எதிர்பாராததைச் செய்தாள். அவர் கேட்காமலேயே, தன் போன் நம்பரை ஒவ்வோர் எண்ணாகத் தட்டி அனுப்பினாள்.

மண்வெட்டி தட்டுவது தெரிந்தது. "என்" என்று வந்தது.

திரை கறுத்தது. மணி மூன்று.

"என் பேர்" என்று வந்திருக்குமா? "என் நம்பர்"? "என்ன இது"? அந்த நம்பர் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுகூடத் தெரியாது. நானும்தான் எத்தனையோ வாக்கியங்களைப் பாதியில் விட்டிருக்கிறேன். எதுவும் இப்படி ஒருவரைத் தூங்கவிடாமல் அடித்ததில்லை.

6

முடிவுகள்.

மனைவி சொல்கிற முடிவு: "கூப்பிடுவாரு. இவ பல் செய்றவன்னு தெரியும்ல, எனக்கு ஒரு செட்டு பண்ணிக் குடுங்கன்னு கேப்பாரு."

பத்திரம் சொல்கிற முடிவு: அவள் சொல்லமாட்டாள். ஆனால் பட்டறையிலும் போனை மெழுகுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று ஒரு முன்பல்லுக்கு நான்கு வேர் வைத்துவிட்டாள் என்று நான் சொன்னால் அதில் மூன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

என் முடிவு: சமையலறைத் தரை வெடிக்கிறது. சுரங்கத்திலிருந்து மஞ்சள் நிறப் பேருந்து ஒன்று ஹாரன் அடித்தபடி மேலே வருகிறது. ஓட்டுநர் இருக்கையில் மண்வெட்டி, தோளில் மண்வெட்டி, பின்னிருக்கைகளில் சீருடையோடு நூறு

மணி அடிக்கிறது.

பேருந்து மணி இல்லை. சாப்பாட்டு மேசையில் பத்திரத்தின் போன். தெரியாத நம்பர். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டாள். பத்திரம் கையைத் துடைக்காமலே ஓடிவந்து, மேசைக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டாள். இரண்டாவது மணி. சோப்பு நுரையோடு எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் யாரோ ஏதோ கேட்கிறார்கள். இங்கிருந்து எனக்குக் கேட்கவில்லை. அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"இருக்"

அவ்வளவுதான் வந்திருக்கிறது. இதற்கு மேல் அது 'இருக்கட்டும்' ஆகலாம். 'இருக்கேன், சொல்லுங்க' ஆகலாம். முடிவுக்கென்று நான் பொத்தி வைத்திருந்த ஒரே வாக்கியத்தை நத்தை தின்றுவிட்டது. என் பையைக் கவிழ்த்தால் இனி ஒரு முற்றுப்புள்ளிகூட விழாது. மிச்ச எழுத்துகள் உங்களிடம்தான். நல்ல இடம் வரட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கம் ஆள் காத்திருக்கிறார்